சிற்றுயிர்க்கு இரங்கல்

வாய்விட்டு அரற்றும் உயிரைக் கண்டு இரங்குதல் எவர்க்கும் எளிது. கன்றை இழந்த பசு கதறினால் கல் நெஞ்சமும் கரையும்; அடியுண்ட நாய் ஊளையிட்டால் வழிச்செல்வோனும் நின்று நோக்குவான். ஆயின், கதறவும் இயலாமல், முகத்தால் குறிப்புக் காட்டவும் இயலாமல் வாழும் உயிர்கள் பல உள. நண்டுக்குக் குரல் இல்லை. கணவாய்க்குக் கண்ணீர் இல்லை. ஈக்கு முகக்குறிப்பு இல்லை. முதுகெலும்பில்லாத இச்சிற்றுயிர்கள் ஆராய்ச்சிக்கூடத்து மேசைமேல் கத்திக்கும் ஊசிக்கும் உள்ளாகும்பொழுது, அவற்றுக்கு மயக்க மருந்து அளித்தல் வேண்டுமா என்பது இக்காலத்து அறிஞர் உலகில் எழுந்துள்ள ஒரு வினா. வேண்டும் என்பதே அறத்திற்கும் அறிவியலுக்கும் ஒத்த விடையாகும்.

மயக்க மருந்தின் வரலாறு மிக நெடியதன்று. 1846ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 16ஆம் நாள், அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரத்து மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், வில்லியம் மார்ட்டன் என்னும் பல் மருத்துவர், நோயாளி ஒருவரை ஈதரின் ஆவியை உட்கொள்ளச் செய்தார். அவர் கழுத்திலிருந்த கட்டியை அறுவை மருத்துவர் அமைதியாக அறுத்தெடுத்தார். அடுத்த ஆண்டிலேயே, ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவர் ஜேம்ஸ் சிம்ப்சன் குளோரோபாரத்தின் பயனைக் கண்டறிந்தார். அதற்கு முன்னெல்லாம் நோயாளியை வலியார் பலர் அழுத்திப் பிடித்துக்கொள்ள, அவர் அலறல் அடங்குமுன் அறுவையை முடிப்பவரே சிறந்த மருத்துவர் எனப்பட்டார். மாந்தர் துயரைத் துடைத்த அருங்கண்டுபிடிப்புகளுள் மயக்க மருந்து முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கது.

மக்களுக்கு வாய்த்த இப்பேறு, மக்கள் நலத்தின்பொருட்டு ஆராயப்படும் விலங்குகளுக்கும் உரியதன்றோ என்னும் எண்ணம் விரைவில் எழுந்தது. 1876ஆம் ஆண்டில் ஆங்கில நாட்டுப் பாராளுமன்றம் விலங்குகளுக்குக் கொடுமை செய்தலைத் தடுக்கும் சட்டம் ஒன்றை இயற்றியது. உயிருள்ள விலங்கினை ஆராய்வோர் அதற்கு மயக்க மருந்து அளித்தல் வேண்டும் என்றும், அதனின்று விலக்கு வேண்டுவோர் தனியே சான்று பெறுதல் வேண்டும் என்றும் அச்சட்டம் விதித்தது. அதனுள் நுட்பமான விதி ஒன்றும் இருந்தது. குராரே என்னும் பொருளை மயக்க மருந்தாகக் கொள்ளலாகாது என்பதே அது.

குராரே என்பது யாது? தென்னமெரிக்கக் காடுகளில் வாழும் வேட்டுவர் தம் அம்பு முனையில் தடவும் நஞ்சே குராரே. அது உடலிற் புகுந்தால் தசைகள் செயலற்றுப் போகும். விலங்கு கட்டைபோற் கிடக்கும். ஆயின் அதன் உணர்வு மட்டும் அழிவதில்லை. அறுக்கும் கத்தியின் நோவை அது முழுதும் உணரும். ஆனால், துடிப்பதற்கு வலிமை இராது. துடியாமை வேறு, நோவாமை வேறு என்னும் பேருண்மையை அச்சட்டம் வகுத்தோர் நன்கு உணர்ந்திருந்தனர். அவ்வளவு தெளிவுடைய அச்சட்டமே, முதுகெலும்பில்லா உயிர்களுக்கு இது பொருந்தாது என்றும் எழுதி வைத்தது. ஒரு கண்ணைத் திறந்து மறு கண்ணை மூடிக்கொண்டாற் போன்றது அச்செயல்.

அங்ஙனம் ஒதுக்கப்பட்ட உயிர்களுக்கு மனித இனம் பட்டுள்ள கடன் சிறிதன்று. கணவாயின் உடலில் ஒரு மில்லிமீட்டர் வரை பருமனுள்ள பெரிய நரம்பிழை ஒன்று உண்டு. ஆங்கில நாட்டுப் பிளிமத் நகரில் 1939ஆம் ஆண்டில், ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்னும் அறிஞர் இருவர் அவ்விழையினுள் நுண்ணிய மின்வாயைச் செலுத்தி, நரம்பின் வழியே செய்தி எவ்வாறு செல்கிறது என்பதை அளந்தறியத் தொடங்கினர். அவ்வாராய்ச்சிக்காக 1963ஆம் ஆண்டில் நோபெல் பரிசும் பெற்றனர். நினைவு எவ்வாறு உண்டாகிறது என்பதைக் கடல் முயல் என்னும் ஓடில்லா நத்தையினத்து உயிரைக் கொண்டு ஆராய்ந்த எரிக் காண்டெல் என்பார் 2000ஆம் ஆண்டில் அப்பரிசில் பங்கு பெற்றார். மரபுப் பண்புகள் வழிவழி வரும் முறையைப் பழ ஈக்களைக் கொண்டு விளக்கிய தாமஸ் மார்கன் என்பார்க்கு 1933ஆம் ஆண்டில் அது கிடைத்தது.

பல் பிடுங்குமுன் ஈறு மரத்துப்போக ஊசியிடப்படுகிறது. அம்மருந்து நரம்பின் செய்தியை எவ்வாறு தடுக்கிறது என்பதை அறியவும் கணவாயின் நரம்பே உதவிற்று. நோவைத் தடுக்கும் வழியை நமக்குக் காட்டிய உயிருக்கு அந்நோவின்மையை மறுத்தல் நன்றியுடைமை ஆகுமா?

சிற்றுயிர்கள் உணர்வுடையன என்பது தமிழர்க்குப் புதிய செய்தியன்று. தொல்காப்பியம் தன் மரபியலில் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுக்கிறது. நத்தை இனத்தை ஈரறிவின் பாலும், எறும்பை மூவறிவின் பாலும், நண்டை நான்கறிவின் பாலும் அது வைத்துள்ளது. எனினும், அறிவு உண்டு என்பதும் நோவு உண்டு என்பதும் ஒன்றல்ல. தொல்காப்பியம் எண்ணியவை உற்றறிதல், சுவைத்தறிதல் முதலான புலன்கள். அப்புலனறிவு துன்பமாக உணரப்படுகிறதா என்பது வேறொரு வினா. அதற்கு விடை காணப் பழம்பெருமை மட்டும் போதாது, ஆராய்ச்சி வேண்டும்.

சுடுகலத்தில் கை பட்டால், சுட்டது என்று நெஞ்சம் உணருமுன்னே கை பின்வாங்கிவிடும். அப்பின்வாங்கல் மூளையைக் கேளாது முதுகுத்தண்டிலேயே நிகழ்வது. ஆதலின், ஊசி குத்தியவுடன் புழு சுருளுவதைக் கண்டு மட்டும் அது நோவுற்றது என்று துணிதல் இயலாது. சிற்றுயிர்கள் நோவறியா என்போர் இதனையே தம் கோட்பாட்டுக்கு அரணாகக் கொள்வர். அவர் கூற்றில் நேர்மை உண்டு. எனவே அதனை நேர்மையுடன் ஆராய்தல் வேண்டும். வெறும் பின்வாங்கலுக்கு அப்பால், ஓர் உயிர் தன் நோவையும் தன் நலத்தையும் சீர்தூக்கிப் பார்க்கிறதா, நோவு தணிந்த இடத்தை நினைவிற்கொண்டு நாடுகிறதா என்று காண்பதே தக்க சோதனை.

துறவி நண்டு என்பது பிற உயிர்கள் விட்டுச் சென்ற சங்கினுள் குடிபுகுந்து வாழ்வது. அதற்கு விருப்பமான சங்கும் உண்டு. விருப்பமில்லாத சங்கும் உண்டு. அயர்லாந்துத் தீவின் பெல்பாஸ்ட் நகரில் இராபர்ட் எல்வுட் என்னும் பேராசிரியரும் அவர்தம் துணைவரும் செய்த ஆராய்ச்சி 2009ஆம் ஆண்டில் வெளிவந்தது. சங்கினுள் சிறிய மின்னதிர்ச்சி செலுத்தப்பட்டபொழுது, விருப்பமில்லாச் சங்கிலிருந்த நண்டுகளே எளிதில் வெளியேறின. நல்ல சங்கிலிருந்தவை அதனை விட மனமின்றிப் பொறுத்துக்கொண்டன. பின்னர் நிகழ்ந்த ஆராய்ச்சியில், பகையுயிரின் நாற்றம் நீரிற் கலந்திருந்தபொழுதும் அவை வெளியேறத் தயங்கின. சிந்தையற்ற பொறியாயின், சங்கின் நன்மை தீமை அதற்கு எதற்கு?

மீனவர் பேய்க்கணவாய் என்றும் நூலோர் ஆக்டோபஸ் என்றும் வழங்கும் எட்டுக்கை உயிர்க்கு ஏறத்தாழ 50 கோடி நரம்பணுக்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பகுதி அதன் கைகளிலேயே அமைந்துள்ளன. அமெரிக்க நாட்டுச் சான்பிரான்சிஸ்கோ நகரில் இராபின் குருக் என்னும் பெண்மணி செய்த ஆராய்ச்சி 2021ஆம் ஆண்டில் வெளிவந்தது. கையில் அசெட்டிக் அமிலம் ஏற்றப்பட்ட ஆக்டோபஸ், அத்துயருடன் தான் அடைபட்டிருந்த அறையை, முன்னர் விரும்பியதேயாயினும், பின்னர் நாடவில்லை. அமிலம் ஏற்றப்பட்ட இடத்துத் தோலைத் தன் அலகாற் பிய்த்தும் கொண்டது. லிடோகெய்ன் என்னும் நோவகற்றும் மருந்து பெற்றபின் தான் வைக்கப்பட்ட அறையையோ பிற்பாடு விரும்பி நாடிற்று. நோவு இல்லையாயின் நோவு நீங்கிய இடத்தை நாடுவானேன்?

தேனீ இனத்தைப் பற்றியும் ஆராய்ச்சி உண்டு. பம்பிள்பீ என்னும் தடித்த தேனீக்கள், சூடேற்றிய கலத்திலும் சூடேற்றாத கலத்திலும் இனிப்பு ஒத்திருந்தால் சூட்டினைத் தவிர்த்தன. சூடேற்றிய கலத்தில் இனிப்பு மிகுந்திருந்தால் சூட்டைப் பொறுத்துக்கொண்டு பருகின. இலண்டனில் நிகழ்ந்த இவ்வாராய்ச்சி 2022ஆம் ஆண்டில் வெளிவந்தது.

இவை யாவும் நோவு உண்டென்று ஐயமற நாட்டிவிட்டனவா எனின், எல்லா உயிர்க்கும் அங்ஙனம் கூறுதல் மிகையாகும். ஆக்டோபஸின் திறத்திலும் நண்டின் திறத்திலும் சான்று வலிது; பூச்சிகளின் திறத்தில் வளர்ந்து வருகிறது. 302 நரம்பணுக்களே கொண்ட நுண்புழுவின் திறத்திலோ ஐயமே மிகுதி. ஐயம் நிகழுமிடத்து அறிவுடையார் செய்யத்தக்கது யாது என்பதே இங்குத் தலையாய வினா. அதற்கு மனித குலத்தின் வரலாறே ஒரு பாடம் புகட்டுகிறது.

பிறந்த குழவிக்கு நரம்பு முதிரவில்லை. ஆதலின் அது நோவறியாது என்று மருத்துவருட் பலர் 1980களிலும் நம்பியிருந்தனர். வலுவான மயக்க மருந்து குழவிக்குத் தீங்கு செய்யும் என்னும் அச்சமும் அவர்க்கு இருந்தது. அதனால், பச்சிளங் குழவிகளுக்குப் போதிய நோவகற்றும் மருந்தின்றி அறுவை செய்யும் வழக்கம் நிலவிற்று. ஆனந்த் என்னும் இந்திய மருத்துவரும் அவர்தம் துணைவரும் ஆக்ஸ்போர்டு நகரில் செய்த ஆராய்ச்சி 1987ஆம் ஆண்டில் வெளிவந்தது. குறைப்பருவத்திற் பிறந்து அறுவைக்கு உள்ளான குழவிகள் இரு திறமாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு திறத்தார்க்கு நைட்ரஸ் ஆக்சைடு என்னும் வாயுவும் குராரேயின் சாரமும் அளிக்கப்பட்டன. மற்றத் திறத்தார்க்கு அவற்றோடு நோவகற்றும் வலிய மருந்தும் அளிக்கப்பட்டது. அம்மருந்து பெற்ற குழவிகளின் உடல் அறுவையின் தாக்குதலை எளிதிற் பொறுத்தது. பின்விளைவான இடர்களும் குறைந்தன.

1876இல் விலங்குகளுக்கு மயக்க மருந்தாகாது என்று விலக்கப்பட்ட அக்குராரேயின் சாரமே, ஒரு நூற்றாண்டின் பின்னும் மக்கட் குழவியை அசையாது கிடத்துவதற்குப் பயன்பட்டது! குழவி பேசவில்லை, ஆதலின் நோவில்லை என்று கொள்ளப்பட்டது. அசையவில்லை; ஆதலின் அமைதியாயுள்ளது என்று கொள்ளப்பட்டது. பேசாதார் பொருட்டுக் கொள்ளும் ஐயம், பேசுவோர்க்கு வசதியான பக்கமே சாய்வது இயல்பு. அச்சாய்வை அறிந்து திருத்திக் கொள்ளுதலே அறிவின் கடமை. மருந்து அளித்தபின் உயிர்க்கு நோவில்லை என்று தெரியவந்தால் இழப்பது சிறிது மருந்தும் சிறிது பொழுதுமே. மருந்து அளிக்காமல் விட்டபின் நோவுண்டு என்று தெரியவந்தால், பட்ட துன்பத்தை மீட்டெடுக்க எவராலும் இயலாது.

மருந்து அளித்தல் வேண்டும் என்றவுடன் எதனையேனும் அளித்தால் போதும் என்பதன்று. பழ ஈக்களை ஆராய்ந்தோர் தொடக்க நாளிலேயே அவற்றுக்கு ஈதர் அளித்தனர். இரக்கத்தினால் அன்று, அவை பறந்து போகாமற்பொருட்டு. இக்காலத்தார் கரியமில வாயுவையும் பனிக்கட்டியின் குளிரையும் அதற்குப் பயன்படுத்துகின்றனர். கரியமில வாயுவின் நாற்றமோ பழ ஈக்கள் அஞ்சி விலகும் ஒன்று. குளிரில் பூச்சி அசைவற்றுக் கிடப்பதை மட்டும் கொண்டு அதன் உணர்வும் உறங்கிற்று என்று கொள்ளலாகாது. அசைவை நிறுத்துவது ஆராய்வோனுக்கு வசதி. நோவை நிறுத்துவதே உயிர்க்கு உதவி. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவோர் குராரேயின் பாடத்தை மறந்தவராவர்.

இவ்வேறுபாட்டை ஆராய்ந்து காணுதல் இயலாததன்று. கடல்நீரிற் கலந்த மக்னீசியம் குளோரைடு என்னும் உப்பு, கணவாயினத்து உயிர்களை அமைதியாகக் கிடக்கச் செய்யும் என்பது நெடுநாளாக அறிந்த செய்தி. அது தசையை மட்டும் தளர்த்துகிறதா, உணர்வையும் அடக்குகிறதா என்னும் ஐயமும் நெடுநாளாக இருந்தது. குருக் அம்மையாரும் அவர்தம் மாணாக்கரும் அவ்வுயிர்களின் நரம்புகளிலேயே மின்குறிகளைப் பதிவு செய்து நோக்கினர். உடலினின்று மூளைக்குச் செல்லும் செய்தியும், மூளையினின்று உடலுக்கு வரும் செய்தியும் ஒருங்கே அடங்குதலையும், தூய நீரில் விட்டபின் அவை மீளுதலையும் கண்டனர். நீரிற் கலந்த சிறிதளவு சாராயமும் அவ்வாறே தொழிற்பட்டது. 2018ஆம் ஆண்டில் அம்முடிவு வெளிவந்தது. ஒவ்வோர் இனத்து உயிர்க்கும் ஏற்ற மருந்து எது, ஏற்ற அளவு எது என்று இவ்வாறே அளந்தறிதல் வேண்டும். அவ்வறிவைத் தேடுதலும் அறிவியலின் ஒரு பகுதியே.

மருந்தினால் ஆராய்ச்சியின் முடிவு மாறிவிடும் என்று சிலர் தடை கூறுவர். நரம்பின் செயலையே ஆராய்வோர்க்கு இத்தடை மெய்யானது. ஆயின் துன்புற்றுக் கிடக்கும் உடலும் இயல்பான உடலன்று. அதனின்று பெறும் முடிவும் மாறுபட்டதே. மருந்தினால் விளையும் மாற்றத்தை அளந்து கழித்துவிடலாம். துன்பத்தினால் விளையும் மாற்றமோ அளவுக்கு உட்படாதது. மருந்தை அறவே விலக்க வேண்டிய ஆராய்ச்சி உளதாயின், அதன் தேவையைப் பிறர்முன் எடுத்துக் கூறி இசைவு பெறுதல் வேண்டும். தானே வழக்காளியாகவும் தானே நடுவனாகவும் இருத்தல் முறையன்று.

வயலிலே மருந்து தெளித்துக் கோடிக்கணக்கான பூச்சிகளைக் கொல்லும் உலகில், ஆராய்ச்சிக்கூடத்து ஈக்கு இரங்குவது நகைப்புக்கு இடமன்றோ எனவும் சிலர் வினவுவர். ஓரிடத்துச் செய்ய இயலாத நன்மை, செய்ய இயலுமிடத்தும் செய்யாதிருத்தற்குக் காரணமாகாது. வயலில் உழவன் தன் பயிரைக் காக்கப் போராடுகிறான். பூச்சியை அவன் தனித்தறியான். ஆராய்வோனோ ஓர் உயிரைத் தேர்ந்து, கையிலெடுத்து, மேசைமேல் வைத்து, தான் செய்யப்போவது இன்னது என்று முன்னரே அறிந்து செய்கிறான். அறிந்து செய்வானது பொறுப்பு அறியாது செய்வானது பொறுப்பினும் பெரிது. மருந்துக் குப்பி அவன் கைக்கு எட்டும் தொலைவிலேயே உள்ளது.

நாடுகளின் சட்டங்களும் மெல்ல மெல்ல இந்நெறிக்கு வருகின்றன. ஆங்கில நாடு 1993ஆம் ஆண்டில் ஆக்டோபஸ் இனம் ஒன்றை ஆராய்ச்சிச் சட்டத்தின் காப்புக்குள் கொணர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2010ஆம் ஆண்டில் வகுத்த நெறிமுறை, கணவாயினம் முழுவதையும் சேர்த்துக்கொண்டு 2013 முதல் நடைமுறைக்கு வந்தது. 300க்கு மேற்பட்ட ஆராய்ச்சிகளை ஆய்ந்த அறிஞர் குழுவொன்றின் அறிக்கை 2021ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்தது. அதன் பயனாக, அடுத்த ஆண்டில் இயற்றப்பட்ட ஆங்கிலச் சட்டம் கணவாயினத்தோடு நண்டு, இறால் முதலானவற்றையும் உணர்வுடை உயிர்கள் என ஏற்றுக்கொண்டது.

இந்தியத் திருநாட்டுக்கு இதில் தனிப்பெருமை ஒன்று உண்டு. 1960ஆம் ஆண்டில் இங்கு இயற்றப்பட்ட விலங்குவதைத் தடுப்புச் சட்டம், விலங்கு என்னும் சொல்லுக்கு மனிதர் ஒழிந்த எவ்வுயிரும் என்றே பொருள் வகுத்தது. முதுகெலும்பு உண்டா இல்லையா என்று அது வினவவில்லை. அறுவையொடு கூடிய ஆராய்ச்சிகளை, கூடியவரை, நோவுணராதிருக்கத்தக்க மயக்க மருந்தின்கீழ்ச் செய்தல் வேண்டும் என்னும் நெறியையும் அது கூறுகிறது. பிற நாட்டார் படிப்படியாகத் திறக்கும் வாயில் இங்கு முன்னரே திறந்துள்ளது. அதனுட் புகுந்து நடத்தலே எஞ்சியுள்ள கடமை. கல்லூரிகளில் விலங்குகளை அறுத்துக் கற்கும் முறையைக் கைவிடுமாறு பல்கலைக்கழக மானியக் குழு 2014ஆம் ஆண்டில் பணித்ததும் இவ்வழியில் வைத்த ஓர் அடியே.

ஆராய்ச்சியை அடியோடு நிறுத்துதல் வேண்டும் என்பது இதன் கருத்தன்று. நோயை வெல்லும் அறிவு நமக்கு வேண்டும். அவ்வறிவைப் பெறும் முறையே இங்குப் பேசப்படுவது. இரசல், பர்ச் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் 1959ஆம் ஆண்டில் மூன்று நெறிகளை வகுத்தனர். உயிருக்கு மாற்றாக வேறொன்றைக் கொண்டு ஆராய இயலுமாயின் அங்ஙனமே செய்க என்பது ஒன்று; இயலாதாயின் எண்ணிக்கையைக் குறைக்க என்பது மற்றொன்று; குறைத்தபின்னும் எஞ்சும் உயிர்களின் துன்பத்தைத் தணிக்க என்பது மூன்றாவது. இம்மூன்றும் எலிக்கும் முயலுக்கும் மட்டும் உரியன என்று எல்லை கட்டுதற்கு நியாயம் இல்லை.

இன்று பள்ளியிற் பயிலும் மாணவருட் சிலர் நாளை ஆராய்ச்சிக்கூடங்களில் அமர்வர். அவர்தம் கையில் ஒருநாள் நண்டொன்றோ கணவாயொன்றோ கிடக்கும். அது கதறாது, கண்ணீர் உகுக்காது, மருந்து அளித்தாலும் அளிக்காவிட்டாலும் ஒன்றும் கூறாது. அறையில் வேறெவரும் இல்லாதபொழுது, கேட்பாரற்ற அவ்வுயிர்க்காக மருந்துக் குப்பியை எடுத்து, உரிய அளவை அளந்து, அது பயன்பட்டதா என்று பொறுமையுடன் நோக்கியபின் கத்தியைத் தொடுவோரே கற்றதனாலாய பயனைப் பெற்றோராவர்.